லைன்மேன் கஸ்பாரின் படபடப்பு

கம்பத்தின் உச்சியில் நின்றிருந்த லைன்மேன் கஸ்பாருக்கு, தான் சாகப்போவது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

கரண்ட்டால் அல்ல. லைனைத் தன் கையாலேயே ஆஃப் செய்துவிட்டுத்தான் ஏறியிருந்தார். ஆனாலும் நெஞ்சு உரலில் இடிப்பதுபோல இடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டையோடு நின்றது. கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார்.

கீழே பாதி மாரண்டஹள்ளி கூடியிருந்தது. கரண்ட் வந்தாக வேண்டும்; பஞ்சாயத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஆரம்பிக்கிற நேரம்.

"என்னங்க லைன்மேன், கம்பத்த உடமாட்டேங்கறீங்க?" என்று கத்தினார் டீக்கடை பச்சியப்பன்.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தரையில் கால் பட்டதும் வாயில் வந்ததைச் சொன்னார்.

"கம்பம் ஆடுதுங்க. இன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

படம் போனது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கம்பம் எந்த நிமிஷமும் விழும் என்று ஊர் நம்பிவிட்டது. பச்சியப்பன் அடுப்பு, பெஞ்சு, பாய்லர் எல்லாவற்றையும் எதிர்ச்சாரிக்கு மாற்றினார். மறுநாள் இன்ஜினியரே வந்து கம்பத்தை உலுக்கிப் பார்த்தார்.

"மலை மாதிரி நிக்குதே! கஸ்பார், நீங்களே ஏறி எங்க ஆடுதுன்னு காட்டுங்க."

கஸ்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு எழுதிக் கொடுத்தார்.

இடி மின்னலிலும் கம்பம் ஏறுகிறவர் என்று பேர் எடுத்தவர் அவர். இப்போது எந்த நேரம் நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும் என்ற பயமே தனி வியாதியாகிவிட்டது. சந்தைக்குள் நுழைய முடியவில்லை. மாதா கோவிலில் பூசை முடியும்வரை வாசல்படி ஓரமாகவே நின்றார்.

தருமபுரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள்.

"இருதயத்துல ஒரு கோளாறும் இல்ல" என்றார் டாக்டர்.

கஸ்பாருக்கு அது இன்னும் பயமாகிவிட்டது. இருதயக் கோளாறும் இல்லையென்றால் வேறு என்ன?

"சேலத்துல ஒரு மனநல டாக்டரம்மா இருக்காங்க. ஒரு தடவ பாத்துருங்க."

சாவு தேவலை என்று தோன்றியது. கஸ்பாருக்குப் பைத்தியம் என்று பேச்சு கிளம்பினால் அப்புறம் யார் கம்பம் ஏற விடுவார்கள்? பெண்டாட்டி ராஜமேரி எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ராஜமேரியின் தம்பி சவரி. பாப்பாரப்பட்டிப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருந்தான். ஒண்டிக்கட்டை, அதிகம் பேசமாட்டான்.

"மாப்ள, சேலத்துக்கு எங்கூட வரணும். நோவு எனக்குத்தான். ஆனா டாக்டரம்மாகிட்ட உனக்குன்னு சொல்லுவேன். நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

சவரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். "நெசமாவே உங்களுக்குத்தானுங்களா மாமா?"

"ஆமாடா. வெளிய மூச்சு உடாத."

"சரிங்க" என்றான், என்னவோ புரிந்துகொண்டவன்போல.

பஸ் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது சவரியின் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தான். 'பஸ்ஸிலேயே ஒத்திகை பாக்கறானே!' என்று கஸ்பாருக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அதை மறைப்பதே பெரும்பாடு.

டாக்டரம்மாவிடம் கஸ்பார் ஒன்றுவிடாமல் சொன்னார். "திடீர்னு நெஞ்சு அடிக்குதுங்க. கை மரத்துப்போவுது. செத்துருவோம்னு தோணுது. கூட்டத்துக்குப் பயம், பஸ்ஸுக்குப் பயம். எப்ப வருமோ எப்ப வருமோன்னு அதுவே பயம். இவனுக்குத்தாங்க."

சவரி குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

கஸ்பார் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார். "அளவா பண்ணுடா" என்று பல்லைக் கடித்தார். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

"இது பைத்தியம் இல்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா சவரியிடம். "பதற்ற நோய்னு சொல்லுவோம். ஆபத்து வந்தா உடம்பு மணி அடிக்கும். உங்களுக்கு ஆபத்து இல்லாதப்பவே அடிக்குது. மணியிலதான் கோளாறு. உசுருக்கு ஒண்ணும் ஆகாது."

ஷார்ட் ஆகாமலே ப்யூஸ் போகிறது என்று கஸ்பார் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டார். இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு முழு மூச்சு வந்தது.

"மாத்திரை தர்றேன். வேலை செய்ய மூணு வாரமாச்சும் ஆகும். மூச்ச மெதுவா உடப் பழகுங்க. முக்கியமா, எதுக்குப் பயமோ அதுக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் போகணும். பயம் ஏறும். நீங்க ஓடாம நின்னீங்கன்னா அது தானா இறங்கும். ரொம்பப் பயம் எதுக்கு?"

"கம்பம் ஏற!" என்றார் கஸ்பார் அவசரமாக.

"தக்காளி விவசாயின்னீங்களே?"

"அது... ஏணிங்க. மோட்டார் ரூம் ஏணி."

"அப்ப ஏணியில பழகட்டும். நீங்களும் கூடவே ஏறுங்க."

அன்றிலிருந்து சவரியின் கொல்லையில் இரண்டு பேரும் ஓர் ஏணியில், ஒருவருக்குக் கீழ் ஒருவராக, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். மாத்திரை கஸ்பாரின் சட்டைப்பையில் இருந்தது. அது சீக்கிரமே தீர்ந்தது. கடைக்காரன் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று திட்டினார்.

ஏணியில் நின்றவர்களைப் பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் பார்த்து ஊரில் சொல்லிவிட்டார். மாத்திரை அட்டையை ராஜமேரி பார்த்துவிட்டாள்.

"இது யாருக்குங்க?"

கஸ்பாருக்கு நாக்கு புரண்டது. "உந்தம்பிக்கு."

ராஜமேரி போட்ட ஓலத்தில் தெருவே வந்துவிட்டது. சவரியைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். அரிவாளை ஒளித்தாள். கிணற்றுப் பக்கம் போகவிடாமல் ஆள் போட்டாள். அவன் தக்காளி செடியிலேயே பழுத்து அழுகியது. தெருப் பிள்ளைகள் அவனைக் கண்டால் ஓடின. சவரி தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம்.

சந்தை நாளன்று அதே கம்பத்தில் கம்பி அறுந்தது. லீவும் முடிந்திருந்தது. ஊரே அண்ணாந்து பார்க்க, லைனை ஆஃப் செய்துவிட்டு கஸ்பார் ஏறினார்.

பாதியில் வந்துவிட்டது. நெஞ்சு, விரல், தொண்டை எல்லாம் அதே வரிசையில். இதோ சாவு என்றது உடம்பு. இறங்கு இறங்கு என்று கால் துடித்தது. கஸ்பார் இறங்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து மூச்சை மெதுவாக விட்டார். பயம் ஏறியது, இன்னும் ஏறியது, கண் இருட்டியது. பிறகு, அடுப்பிலிருந்து இறக்கிய பால்போல, மெல்ல அடங்கியது. கம்பியை இழுத்து முறுக்கினார்.

கீழே கைதட்டினார்கள். பச்சியப்பன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார்.

கஸ்பார் நேராக வீட்டுக்குப் போனார். ராஜமேரி தம்பிக்கு நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபம் செய்துகொண்டிருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

"நிறுத்து மேரி" என்றார். "நோவு எனக்குத்தான். அவனுக்கு ஒண்ணுமில்ல. எம் மானத்தக் காப்பாத்த அவன் நோயாளியா நடிச்சான். என்ன மன்னிச்சுருடா மாப்ள."

ராஜமேரியின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்தது. சவரி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"நான் எங்கீங்க மாமா நடிச்சேன்? நீங்கதான் எனக்காக, நோவு உங்களுக்குன்னு நடிக்கறீங்கன்னு நெனச்சேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லாத என் வியாதிய, அந்த டாக்டரம்மாகிட்ட புட்டுப்புட்டு வெச்சீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதானுங்க இத்தன நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்!"