நாற்பத்தைந்து கூடுகள்

பறவையைப் பார்க்காமலே பறவையை எண்ணத் தெரிந்த ஒரே இலாகா இந்த உலகத்தில் எங்களுடையது. அங்கே கடிதம் எழுதும் பேறு எனக்கு வாய்த்திருப்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பொருள்: பிணந்தின்னிக் கழுகுக் கணக்கெடுப்பு. முதல் கூட்டத்தில், 'பிணந்தின்னி' மரியாதைக் குறைவான சொல் என்று முடிவாகி, 'துப்புரவுப் பறவையார்' என்று பெயர் மாற்றினோம். கூட்டம் நீண்டுவிட்டதால் கூட்டைப் பற்றிப் பேச நேரமில்லை.

பிறகு இயக்குநர் களத்தில் இறங்கினார்; அதாவது, ஜீப்பில் ஏறினார். புல்கூட முளைக்காத மொட்டை மலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே தொலைநோக்கியைத் தூக்கினார். பாறையில் எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தால் மேலே கூடு உண்டு என்பது கணக்கெடுப்புச் சாத்திரம்.

"அதோ வெள்ளை! என்னய்யா அது, எட்டு மாதிரி இருக்கு?"

பதினோரு நாள் அந்த மலையில் ஏறி இறங்கிய மலைக்காவலர் சொன்னார்: "எட்டேதாங்க ஐயா. மூணு வருஷம் முன்னாடி ஒன்பது கூடு இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழே நான்தான் சுண்ணாம்புல நம்பர் போட்டேன். இப்ப எட்டாம் நம்பர்ல மட்டும்தான் ஜோடி இருக்கு. ஒரே குஞ்சு. பறக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"எழுதிக்குங்க. இந்தப் பாறையில எட்டுக் கூடு."

"ஐயா, அது நம்பருங்க!"

"நம்பர் எடுக்கத்தானேய்யா வந்திருக்கோம்?"

மற்றப் பாறைகளையும் அவ்வாறே வாசித்தோம். ஒன்று முதல் ஒன்பது வரை நானே கூட்டினேன்: நாற்பத்தைந்து. இந்த அபார இனப்பெருக்கத்தில் பறவைகளின் பங்கு எதுவும் இல்லை.

இருபது கூட்டுக்குக் குறைந்தால் மலையில் வெடி வைக்கக் கூடாது என்பது விதி. குவாரிக்காரர் எங்கள் கணக்குக்காகத்தான் காத்திருந்தார். அவர் இயக்குநருக்குச் சம்பந்தி. அலுவலகத்தில் 'மனுதாரர்' மட்டுமே.

"சொல்லுங்க சம்பந்தி, எந்தப் பாறை வேணும்?"

"எட்டாம் நம்பர். அங்கதான் கல்லு நல்லா இருக்கு."

"தாராளமா எடுத்துக்குங்க. எட்டுப் போனாலும் முப்பத்தேழு மிச்சம் இருக்கே!"

மலைக்காவலர் என் மேசைக்கு வந்தார். "அண்ணே, குஞ்சு பறக்கற வரைக்குமாவது அந்த வெடி அனுமதிக் கடிதத்தைத் தள்ளிப் போடுங்கண்ணே. ஒரே மாசம்."

நான் எந்தக் கடிதத்தையும் தாமதப்படுத்தியவன் அல்லன். அன்றே, எழுத்துப்பிழை ஒன்றுமின்றி, மூன்று நகல்களுடன் அனுப்பினேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெடித்தார்கள். இரண்டு பறவைகள் பொழுது சாயும்வரை புழுதிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததாக மலைக்காவலர் எழுதிக் கொடுத்தார். கோப்பில் சேர்த்துக்கொண்டேன்.

பெயரை மாற்றியது மிகச் சரியான முடிவு. மேற்படி பறவையார் எதுவானாலும் செத்த பிறகுதான் வாய் வைப்பார். அந்தப் பொறுமை எங்கள் இலாகாவில், என்னையும் சேர்த்து, ஒருவருக்கும் கிடையாது.