பதிவேட்டில் இல்லாத பேர்

“அது வேண்டாம். போன வாரம்தான் அந்தப் பேர்ல இருபத்தேழு கார்டு அடிச்சேன்” என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

மனைவி பட்டியலில் அறுபத்து மூன்றாவது பேரையும் அடித்தாள். பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டை அச்சிடுகிறவனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவன் கடைக் கணினியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இல்லாத பேர்தான் தன் மகளுக்கு என்று ஒற்றைக்காலில் நின்றான்.

மகளுக்குப் பதினோரு மாதம். இன்னும் ‘பாப்பா’தான்.

“ஒரு வயசுக்குள்ள பதியலைன்னா கோர்ட்டு வாசல்ல நிக்கணுமாம். நீங்க கடைக்குப் போயிடுவீங்க, நான்தானே நிக்கணும்?”

அன்று மாலையே பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணை மொத்தத்துக்கு ஓர் அகராதி வந்தது. நாலாம் நாள் பேரும் கிடைத்தது. அதை இங்கே எழுதினால் அவன் சண்டைக்கு வருவான். எட்டெழுத்து என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

“என்ன அர்த்தம்?”

“ஒரு கொடி.”

“எங்க இருக்கு?”

“இப்ப இல்ல. அழிஞ்சு போச்சு.”

மனைவி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

இனிப் பேரைக் காப்பாற்ற வேண்டுமே. மச்சினன் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். நல்ல பேர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைவதாக இவனுக்கு எண்ணம்.

“பேர் முடிவாயிடுச்சாமே மாமா, என்ன பேரு?” என்று மச்சினன் தொலைபேசியில் கேட்டபோது, வாயில் வந்த ஒரு மூன்றெழுத்துப் பேரை எடுத்து விட்டான்.

மச்சினன் அதைத் திருடவில்லை. ஊரெல்லாம் பரப்பினான். ஞாயிற்றுக்கிழமை மாமனார் அந்தப் பேரைப் பொறித்த டம்ளரோடு வந்து இறங்கினார். அடுத்த வீட்டம்மா ஜன்னல் வழியாக அந்தப் பேரைச் சொல்லிக் கொஞ்சினாள். ‘பாப்பா’ என்றால் சுவரைப் பார்க்கிற குழந்தை, அந்தப் பேருக்குச் சட்டென்று திரும்பிச் சிரித்தது.

“இதையே வெச்சுடலாங்க” என்றாள் மனைவி.

“அது நான் சும்மா அடிச்சு விட்டது. என் கணக்குலயே நானூத்திப் பதினெட்டு பேர் இருக்காங்க.”

“இருந்துட்டுப் போகட்டும். இவ திரும்பிப் பாக்கறாளே.”

வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று தடை போட்டான். எல்லாரும் குழந்தையின் காதில் கிசுகிசுத்தார்கள். அவளுக்குக் காது கூசியது. அந்தப் பேரென்றாலே கைகொட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் மனைவி ஒரு வழிக்கு வந்தாள். “பதிவு ஆபீஸ்ல தேடச் சொல்லுங்க. நீங்க கண்டுபிடிச்ச பேர் ஒருத்தருக்கு இருந்தாலும் நான் சொல்றதுதான். யாருக்கும் இல்லைன்னா உங்க இஷ்டம். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

மறுநாள் பதிவு அலுவலக ஜன்னலில் எழுத்தர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். இந்த ஜென்மத்தில் வேறெதற்கும் அவன் இவ்வளவு பயந்ததில்லை.

“இந்தப் பேர்ல யாரும் இல்ல. முத்திரை வெச்சா வெச்சதுதான். வெக்கட்டுமா?”

மனைவி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்று தலையாட்டினாள். முத்திரை விழுந்தது.

வெளியே பெஞ்சில் கனத்த கோப்போடு உட்கார்ந்திருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள், நகர்ந்து இடம் கொடுத்து, குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டினாள்.

“பாப்பாவுக்கு என்ன பேரு?”

இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? எட்டெழுத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொன்னான். “பதிவேடு பூராத் தேடியாச்சு. இந்தப் பேர்ல ஒருத்தர்கூட இல்லீங்க.”

“நேத்து வரைக்கும் நான் இருந்தேங்க” என்றாள் அந்த அம்மாள். “பேரை மாத்திக் குடுங்கன்னு ஒம்பது வருஷம் அலைஞ்சேன்.”