நடுத்திட்டில் ஏழு ஆள்

"ஃபேதம்! ஃபேதம்! தமிழில் என்ன?" என்று இன்ஜினியர் துரை இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். குளத்தில் சம்பான் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாமிநாதன் மறுபக்கம் சாய்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

தெரியாது என்று சொல்ல அவனால் முடியாது. புக்கிட் லாலாங் ரப்பர் தோட்டத்தில் அவன் தற்காலிகக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. குளம் அளக்கும் வேலையை வில்லங்கமில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம், கிராணி வீடும் உண்டு என்று மானேஜர் சொல்லியிருந்தார். அவன் மனைவி குஞ்சம்மா அந்த வீட்டு ஜன்னலுக்கு இப்போதே சிவப்புத் துணியில் திரை தைத்துவிட்டாள்.

துடுப்புப் போட்ட வாட்ச்மேன் இருளாண்டிதான் காப்பாற்றினார்.

"கையை விரிச்சா ஆறடி, கிராணியாரே. ஒரு ஆள் உசரம். கெணத்தை எப்படிச் சொல்லுவோம்? ஒரு ஆள் ஆழம், ரெண்டு ஆள் ஆழம். அதான் இது."

"ஆள், சார்! ஃபேதம்னா ஆள்!"

துரைக்குச் சந்தோஷம். கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அவருடைய பெட்டி 'டொக்' என்று ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பும். சத்தம் அடியில் முட்டித் திரும்பி வரும். அது வரும் நேரத்தை வைத்துப் பெட்டி ஆழத்தைக் காகிதத்தில் கீறும்.

"சத்தம் போட்டா திரும்பி வர்றதுக்கு மிஷினா?" என்றார் இருளாண்டி. "என் வீட்டுக்காரிகிட்ட ஒன்னு போட்டா பத்தா வருது."

கரை ஏறியதும் துரை உத்தரவு போட்டார். அளவை மலாக்கா தண்ணி ஆபீசுக்கு டெலிபோனில் சொல்ல வேண்டும். தோட்டத்து ஜனங்களுக்கும் போர்டில் எழுதிப் போட வேண்டும். அளவு எல்லாருக்கும் பொது.

"கிராணியாரே," இருளாண்டி மூக்கை உறிஞ்சினார். "நடுத்திட்டுலேருந்து ரெண்டு நாளா கருவாடு வறுக்கிற வாசனை வருது. பேயா இருக்குமோ?"

"பேய் கருவாடு திங்குமாண்ணே?"

"கோலா சுங்கை பாரு கருவாடா இருந்தா திங்கும் லா."

சாமிநாதனுக்குப் பேயைக் கவனிக்க நேரமில்லை. ஆபீசுக்கு ஓடி டெலிபோனைச் சுழற்றினான். எக்ஸ்சேஞ்சில் தண்ணி ஆபீஸ் கம்பிக்குப் பதிலாகப் போலீஸ் ஸ்டேஷன் கம்பியைச் செருகிவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

"ஹலோ, வடிவேலு அண்ணனா?"

"தங்கராஜு பேசறேன். என்ன விஷயம்?"

ஆபீசுக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது.

"புக்கிட் லாலாங் தோட்டத்துலேருந்துங்க. குளத்து விஷயம். எழுதிக்குங்க. கரையோரம் ரெண்டு ஆள்."

போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜன் தங்கராஜுவின் நாற்காலி கிறீச்சிட்டது. மலாயாவில் அவசரகாலம் நடந்த வருஷங்கள் அவை. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளைத் தோட்டங்களில் யாரும் பேர் சொல்வதில்லை. 'ஆளுங்க' என்பார்கள். அவ்வளவுதான்.

"அப்புறம்?"

"மதகுகிட்ட மூணு ஆள். நடுத்திட்டுப் பக்கம் ஏழு ஆள்."

"ஏழா! நீயே பார்த்தியா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. தண்ணிக்குள்ளல்ல இருக்கு? மிஷின்தான் பார்த்துச்சு."

"இன்னும் கூடுமா?"

"மழை பெஞ்சா கூடும். போன மழைக்கே ஒரு ஆள் கூடியிருக்கும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இனிமேத்தான். எல்லாருக்கும் தெரியணும்னு துரை உத்தரவு. போர்டுல எழுதப் போறேன்."

"டேய்! நாங்க வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே!"

தண்ணி ஆபீசுக்கு இவ்வளவு அக்கறையா என்று சாமிநாதன் மனம் குளிர்ந்தான். இருந்தாலும் துரை உத்தரவு துரை உத்தரவுதான். தொழிலாளர்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்துப் போர்டில், சாக்குக்கட்டி நகம் அளவுக்குத் தேய்ந்திருந்ததால், சுருக்கமாக எழுதினான்: 'குளம். கரை 2 ஆள். மதகு 3 ஆள். நடுத்திட்டு 7 ஆள்.'

ரப்பர் பால் வாளியோடு வந்த முனியாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வாளி கீழே விழுந்தது.

"ஐயோ, ஆளுங்க! நம்ம குளத்துலயே ஆளுங்க!"

"ஆளுங்க இல்லக்கா. ஆள்!"

"மதகுல மூணு பேர் நிக்கிறான், நீ இலக்கணம் பேசறியா?"

சாமிநாதன் அவசரமாக 'ஆள்' என்பதை அழித்தான். தலைக்கு மேல் தண்ணீர் என்கிறோமே, அதுதான் சரி. 'நடுத்திட்டு 7 தலை' என்று எழுதினான்.

"வெட்டிப்புட்டானுங்களா!" என்று முனியாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதையும் அழித்து, 'குளத்தில் ஆளே இல்லை' என்று எழுதினான்.

"பார்த்தியா," என்றது கூட்டம். "மிரட்டி எழுத வச்சுட்டானுங்க!"

இனி எழுத்தே வேண்டாம். ஆழமான இடங்களில் மூங்கில் மிதவை விட்டு, மேலே துணி கட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். வீட்டுக்கு ஓடினான். கைக்குக் கிடைத்த துணி குஞ்சம்மாவின் திரை ஒன்றுதான்; ஏழு ஆளுக்கு ஏழு துண்டாகக் கிழித்தான்.

போலீஸ் லாரிகள் வந்து நின்றபோது நடுத்திட்டைச் சுற்றி ஏழு சிவப்புக் கொடிகள் ஜோராகப் பறந்துகொண்டிருந்தன.

"கொடியே ஏத்திட்டானுங்களா!" சார்ஜன் தங்கராஜு ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஏழு பேரும் கையைத் தூக்கிக்கிட்டு வெளியே வாங்க! மிஷின் உங்களை எண்ணிருச்சு! தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பீங்க?"

ஒரு தவளை மட்டும் வெளியே வந்தது.

இன்ஜினியர் துரை ஓடி வந்தார். "ஃபேதம்! ஃபேதம்!" என்று கைகளை விரித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரையே குறி பார்த்தார்கள். காகிதத்தை விரித்து, ஆறடியை விளக்கி, கிணற்றுக் கதையை இருளாண்டி சொல்லி முடிப்பதற்குள் மானேஜரும் வந்துவிட்டார்.

"அப்ப ஏழு ஆளுன்னா ஆளு இல்ல?" என்றார் தங்கராஜு.

"ஆழம் சார்," என்றான் சாமிநாதன் ஈனசுரத்தில்.

மானேஜர் முகம் அவனுடைய கொடியை விடச் சிவந்திருந்தது. "உனக்கு வேலை இல்லை. வீடும் இல்லை."

"இருக்கு," என்றார் தங்கராஜு. "பொய்த் தகவல் குடுத்ததுக்கு எங்க லாக்கப்பு இருக்கு. லாரியில ஏறு."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு குஞ்சம்மா வந்தாள். அவள் கண் கணவன் மீது இல்லை. "வீடு போனா போவுது. என் திரையைக் கழட்டிக் குடுத்துட்டு லாரியில ஏறுங்க!"

சாமிநாதன் ஒரு காலை லாரியில் வைத்தான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

சொட்டச் சொட்ட நனைந்த ஓர் ஆசாமி. தோட்டத்து முகமில்லை. நீந்தி வரக் கவிழ்த்துப் பிடித்த கரிச்சட்டி இன்னும் கையில் இருந்தது. இடுப்பில் அகப்பை. மேலெல்லாம் கருவாட்டு வாசனை. முகத்தில் பயத்தைவிட மனவருத்தமே அதிகம்.

"மைக்குல சொன்னது திட்டுக்கு நல்லாக் கேட்டுச்சுங்க, ஏழு பேரும் துப்பாக்கியைப் போட்டுட்டுக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, படகு அனுப்புங்க, ஆனா ஒன்னு கேக்கறேன், சமையக்காரன்னா உங்க மிஷினுக்கு ஆளாத் தெரியாதா?"