கலியோப்பி டீச்சருக்குக் கிரேக்கம் போதாது

கிரேக்க மொழி பழுதில்லாமல் வாழும் இடங்கள் உலகில் சில உண்டு. கிரேக்க நாடும் அவற்றுள் ஒன்று என்கிறார்கள். ஆனாலும், ஒஹையோவில் ஏரிக்கரை ஊர் ஒன்றின் தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பள்ளிக்கு அது ஈடாகாது. பள்ளியின் நிர்வாகக் குழுவே இதை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானம் ஆங்கிலத்தில் இருந்தது.

அந்தப் பள்ளியில் மொழியும் நாட்டுப்புற நடனமும் கற்பிக்க, வோலோஸ் நகரத்திலிருந்து கலியோப்பி வந்து சேர்ந்தாள். குழுத் தலைவர் ஸ்டமாட்டிஸ் மூன்று உணவகங்களுக்குச் சொந்தக்காரர். எட்டு வயதில் அம்மாவை ஊரில் விட்டுவிட்டுச் சித்தப்பாவோடு அமெரிக்கா வந்தவர். அவரே விமான நிலையத்துக்குப் போய் அவளை வரவேற்றார். பிள்ளைகளுக்குச் சுத்தமான கிரேக்கம் வேண்டும், கலப்படம் கூடவே கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது வாரமே கலியோப்பி தவறிழைத்தாள். 'அப்பா காரோவில் வேலைக்குப் போகிறார்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். கிரேக்க நாட்டில் காரோ என்றால் குதிரை வண்டி. சிவப்பு மையால் சுழித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பையனின் அப்பா வந்தார். நாற்பது வருஷமாகத் தன் குடும்பம் காரைக் காரோ என்றுதான் சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவித் துடைக்கிறது, இந்த அம்மா ஒரே நாளில் அதில் குதிரையைப் பூட்டிவிட்டாள் என்று முறையிட்டார். டீச்சரின் பேச்சில் 'கிரேக்க நாட்டு வட்டார வழக்கு' கலந்திருப்பதாகக் குழு வருத்தத்துடன் குறித்துக்கொண்டது.

அடுத்து நடனம். மாநிலப் போட்டிக்காகப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய ஆடிக்கொண்டிருந்தார்கள். புன்னகைக்குப் பத்து மதிப்பெண். பாட்டு என்ன சொல்கிறது என்று கலியோப்பி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கப்பலேறிப் போன பிள்ளையை நினைத்துத் தாய் துறைமுகத்தில் நின்று அழுகிறாள் என்று சொல்லி, வரிவரியாகப் பாடவும் கற்றுக்கொடுத்தாள். அதன்பின் யாரும் எண்ணவில்லை. கால்கள் தாமாகச் சேர்ந்தன. பற்கள் மறைந்தன.

ஒத்திகை பார்க்க வந்த ஸ்டமாட்டிஸ் திகைத்துப்போனார்.

"என்ன டீச்சர், இழவு வீடு மாதிரி இருக்கு? புள்ளைங்க சிரிக்க வேணாமா?"

"அழுற பாட்டுக்கு எப்படிங்க சிரிக்கிறது?"

"நாங்க முப்பது வருஷமா சிரிச்சுட்டுத்தானே ஆடினோம். யாராவது கேட்டாங்களா?"

அன்று சாப்பாட்டு மேஜையில், அந்த ஆட்டத்தில் ஆடிய அவருடைய பதினொரு வயது மகள் ஃபொட்டினி, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு முழு வாக்கியத்தைக் கிரேக்கத்தில் பேசினாள்.

"அப்பா, நீங்க கிளம்பி வந்தப்ப உங்கம்மா அழுதாங்களா?"

ஸ்டமாட்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அழுதாள். பேருந்து திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைச் சொல்ல அவருக்குக் கிரேக்கமும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டினார்.

'போதிய கிரேக்கத் தன்மை இன்மை' என்ற குற்றச்சாட்டின் பேரில் கலியோப்பியை நீக்குவதென்று முடிவாயிற்று. நீக்கல் கடிதம் கிரேக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. பேனா செயலாளரிடம் போயிற்று, துணைத் தலைவரிடம் போயிற்று. எல்லோரும் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்கள்; இருவர் அதைப் போட்டுக்கொண்டே மறந்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து அறையிலிருந்து ஃபொட்டினியைக் கூப்பிட்டார்கள்.

"இது டீச்சரைப் போகச் சொல்ற லெட்டராச்சேப்பா."

"சொன்னத மட்டும் எழுதும்மா."

எழுதினாள். குழு முத்திரை குத்தியது.

கலியோப்பி அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை, செய்தியைத் தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். எழுத்தின் மேல் இடும் அழுத்தக் குறி ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை. அடியில் 'பத்துக்குப் பத்து. மிக நன்று, ஃபொட்டினி' என்று எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

அந்தக் கடிதம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள், கூடத்தின் வாசலில் தொங்குகிறது. நன்கொடையாளர்கள் வந்தால் ஸ்டமாட்டிஸ் முதலில் காட்டுவது அதைத்தான். பள்ளியின் தரத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது குழுவுக்குத் தெரியும். வருகிறவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பதும் குழுவுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் பள்ளி இன்றுவரை சிறப்பாக நடந்து வருகிறது.