பூவனநாதன் வாங்கிய இரண்டு ஜிக்

"ராஜமணி கடைப் பலகை ஒரு சாண்கூட இந்த நடையைத் தாண்டி உள்ள வராது!" என்று பூவனநாதன் சபதம் செய்தபோது மணி காலை ஏழரை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். ஆகவே சபதத்துக்கு இருபது குடங்களும் அவற்றுக்குரிய பெண்களும் சாட்சி.

ராஜமணி வேறு யாருமில்லை. மனைவி காளீஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன். கயத்தாற்றில் கட்டில், பீரோ கடை வைத்திருப்பவர். கடை திறந்த அன்று, வந்த சனம் அத்தனைக்கும் நடுவே, கையில் சர்பத்தோடு நின்ற பூவனநாதனைப் பார்த்து, "மாப்ளைக்குத் தீக்குச்சியை உரசத் தெரியும். மரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. காளீஸ்வரியும் சிரித்தாள். அதுதான் பூவனநாதனுக்கு நிஜமாகவே வலித்தது.

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை, ஊர் வழக்கில் தீப்பெட்டி ஆபீஸ், நடத்துகிறவர் அவர். இருபது வருஷமாகக் கேரளத்திலிருந்து லாரி லாரியாக மரம் இறக்குகிறவர். அவருக்கா மரம் தெரியாது? அந்த ஆறாத புண்ணில்தான் இன்று காலை காளீஸ்வரி விரலை வைத்தாள். துணி வைக்க மரத்தில் ஒரு பீரோ வேண்டுமாம். அண்ணன் கடையில் எடுக்கலாமாம்.

"நானே செய்யுதேன். என் கையால செய்யுதேன்."

"ஒங்க கையாலயா?"

"ஏன், என் கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்ல. பீரோவை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. சபதத்துக்கு அடுத்த வாரம் பூவனநாதன் தீப்பெட்டி விஷயமாகச் சென்னைக்குப் போனவர், பாரிமுனையில் ஒரு தச்சுக்கருவிக் கடையில் அந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பாக்கெட் ஹோல் ஜிக். பலகையின் முதுகில் சாய்வாக ஓட்டை போட்டு, அதற்குள் ஸ்குரூவை இறக்கி, இன்னொரு பலகையோடு சேர்த்துவிடலாம். கூரும் துளையும் செதுக்க வேண்டாம், ஆசாரியைக் கூப்பிட வேண்டாம். ட்ரில் மிசின் வழி தவறாமல் சாய்வாக இறங்கப் பிடித்துக் கொடுக்கிற அச்சுதான் ஜிக்.

"கடையில ரெண்டு இருக்கு" என்றார் காளீஸ்வரியிடம். "ஒண்ணு மஞ்சக் கலர் பிளாஸ்டிக், முந்நூறு ரூவா. இன்னொண்ணு நீலக் கலர், வெளிநாட்டுச் சரக்கு, ஏழாயிரம்."

"எதுக்கு அது?"

"ஓட்டை போட."

"ஓட்டை போட ஏழாயிரமா? நெல்லு வைக்கிற நம்ம அரங்குவீட்ல எலி சும்மாவே போடுதே!"

பூவனநாதனின் நெஞ்சு நீலத்திடம் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்திருந்தார். என்ன கனம், என்ன பளபளப்பு! ஆனால் நீலம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. பன்னிரண்டு வருஷ இல்லற வாழ்க்கையில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. அவர் கிழக்கு என்றால் அவள் மேற்கு. ஆகவே மேற்கு வேண்டுமானால் கிழக்கு என்று சொல்ல வேண்டும்.

"எனக்கு என்னமோ மஞ்சளே போதும்னு தோணுது" என்றார், கொட்டாவி விடுகிற மாதிரி. "நீலம் எதுக்கு, சவம். உறுதியா இருக்கும், உழைக்கும், அவ்வளவுதான?"

"சரி, மஞ்சளே எடுங்க" என்றாள் காளீஸ்வரி.

பூவனநாதனுக்குக் கொட்டாவி பாதியில் நின்றது.

"இல்ல... மஞ்சள் சீக்கிரம் தேஞ்சிரும்னும் சொல்லுதாவ."

"இப்பதான போதும்னிய?"

"போதும்தான். இருந்தாலும்..."

"இருந்தாலும் கிருந்தாலும் வேண்டாம். மஞ்சள் தவிர வேற வாங்க மாட்டேன்னு செண்பகவல்லி அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து சென்னைக்குப் போன் போட்டு நீலத்துக்கும் ஆர்டர் கொடுத்தார். தெய்வக் குற்றமில்லையா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தெய்வத்துக்குச் சத்தியம் செய்தது வீட்டுக்காரன் பூவனநாதன். ஆர்டர் கொடுத்தது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. குரல் அடங்கிவிட்டது. ஸ்டாக் வந்ததும் ஆபீஸ் விலாசத்துக்கே லாரி பார்சலில் அனுப்புவதாகக் கடைக்காரன் சொன்னான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகுமாம்.

மஞ்சள் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வேலை ஆரம்பம். பலகைக்கு அவர் எங்கும் அலையவில்லை. குச்சி வெட்ட இறக்கிய தடியில் நாலைந்தை அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக்கிக் கொண்டார். வெள்ளை வெளேர் என்று கிடந்தன. பார்க்கவே பெருமையாக இருந்தது.

மூன்றாவது ஓட்டையில் மஞ்சள் ஜிக் தேய்ந்து வாயைப் பிளந்தது. பலகையின் முதுகில் நுழைந்த ஓட்டை வயிற்று வழியாக வெளியே வந்தது. ஸ்குரூ இரண்டு சுற்று சுற்றினால் உள்ளே போனது. மூன்றாவது சுற்றுக்குப் பிடிப்பில்லாமல் சும்மா சுழன்றது. விட்டால் தானே வெளியே வந்து விழுந்தது. ஆனாலும் விடுவாரா? மூன்று ஞாயிற்றுக்கிழமை போராடி ஒரு பீரோவை நிமிர்த்தி நிறுத்திவிட்டார். அதில் ஒரு சேலை வைத்தால் இடது பக்கம் சாய்ந்தது. இரண்டாவது சேலைக்கு வலது பக்கம் சாய்ந்தது. ஐந்து வயது மகள் இசக்கிச்செல்வி பக்கத்தில் நின்று ஒரு தும்மல் போட்டாள். பீரோ உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வீட்டு சீனி ஆசாரி சத்தம் கேட்டு மாடி ஏறி வந்தார். விழுந்து கிடந்த பலகையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். நகம் பதிந்தது.

"அண்ணாச்சி, இது தீக்குச்சி மரம்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுல எந்த ஸ்குரூ பிடிக்கும்? உரசுனா பத்திக்கிடும், இழுத்தா ஒடிஞ்சிரும். இதுல நீங்க செஞ்சது பீரோ இல்ல, பெரிய தீப்பெட்டி."

"மரத்துல ஒரு கோளாறும் இல்ல வே. கோளாறு ஜிக்குல. மட்டமான சாமான்!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆசாரி பலகையைக் கீழே போட்டார். பின்னாலேயே வந்து நின்ற காளீஸ்வரி சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. தூக்கி நிறுத்தினா கோழி அடைக்க ஆகும்."

"சிரிக்கியா? சிரி. இன்னும் ஒரு மாசம் பொறு. அப்பம் தெரியும் நான் யாருன்னு."

"ஒரு மாசத்துல என்ன வரப்போவுது?"

"ஒண்ணும் வரல" என்றார் பூவனநாதன் அவசரமாக. "கை பழகிரும்னு சொன்னேன்."

ஆவணியில் இசக்கிச்செல்விக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீரோடுதான் வர வேண்டும். பூவனநாதன் முன்கூட்டியே சட்டம் போட்டார்.

"ஒங்க அண்ணன் பழம் கொண்டாரட்டும், பட்டுப்பாவாடை கொண்டாரட்டும். கடைச் சாமான் எதையாவது ஏத்திக்கிட்டு வந்தாரு, முதல் தட்டை நான் தொடவே மாட்டேன்."

சாதாரணப் பேச்சில்லை இது. அவர்கள் வழக்கப்படி, சீரின் முதல் தட்டைப் பிள்ளையின் தகப்பன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் பின்னால் வருவது குண்டூசியானாலும் குதிரையானாலும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். வாங்காவிட்டால் வண்டியோடு திரும்பிப் போக வேண்டியதுதான். சண்டைக்கார மாப்பிள்ளைகளின் கடைசி ஆயுதம் அது.

"அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காளீஸ்வரி அடுப்படிக்குப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று பூவனநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். தினமும் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகப் பார்சல் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. சென்னைக்குப் போன் போட்டால், அனுப்பியாயிற்று என்றான். பார்சல் ஆபீசில் கேட்டால், டெலிவரி ஆயிற்று என்றான். யாரிடம் என்று கேட்டால், "ஒங்ககிட்டதான் அண்ணாச்சி" என்றான். இரண்டு பேரில் ஒருவன் திருடன் என்று முடிவுகட்டி, எந்த ஒருவன் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

காதுகுத்து அன்று தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. ராஜமணி பட்டுவேட்டியில் முன்னால் வந்தார். பின்னால் பெண்கள் கையில் வரிசைத் தட்டுகள். அதற்கும் பின்னால் ஒரு மினி லாரி. லாரியில், மாலை போட்டு, பொட்டு வைத்து, தேக்குமர பீரோ.

பந்தலில் இருந்த கூட்டம் பூவனநாதனைப் பார்த்தது. சபதம் செய்த காலையில் குழாயடியில் நின்ற இருபது பெண்களும் பார்த்தார்கள். பூவனநாதன் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நடையை மறித்து நின்றார்.

"மாப்ளே, தட்டை வாங்குங்க."

"லாரியைத் திருப்பச் சொல்லும். பொறவு வாங்குதேன்."

"நல்ல காரியத்துல என்ன மாப்ளே இது?"

"தீக்குச்சி உரசுறவன் வீட்டுக்குத் தேக்கு எதுக்கு?"

மேளம் நின்றது. ஒரு பெரிசு இருமினார். பூவனநாதனுக்கு உடம்பெல்லாம் வீரம். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தார்! காளீஸ்வரி பதறவில்லை. அண்ணன் கையிலிருந்த முதல் தட்டின் மேல் கிடந்த சரிகைத் துண்டை மட்டும் மெல்ல எடுத்தாள்.

வெற்றிலை, பாக்கு, தேங்காய். நடுவில் நீல ஜிக் படம் போட்ட ஒரு பெட்டி. ஓரத்தில் சென்னைக் கடைக்காரன் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய விலாசம்: பூவனநாதன், தீப்பெட்டி ஆபீஸ், கோவில்பட்டி.

அவர் விலாசத்தை இரண்டு தரம் படித்தார். இது என்னுடையது என்று கத்தலாம். கத்தினால், செண்பகவல்லி மேல் செய்த சத்தியம் என்னாயிற்று என்று மொத்தப் பந்தலும் கேட்கும். கத்தாவிட்டால் ஏழாயிரம் ரூபாய் ஜிக் லாரியோடு கயத்தாற்றுக்குத் திரும்பிப் போகும். அவர் யோசித்து முடிப்பதற்குள் கைகள் முடிவு செய்துவிட்டன. இரண்டும் கட்டவிழ்ந்து, நீண்டு, தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

தன் சாமானைத் தான் எடுக்கிறோம் என்று கைகள் நினைத்தன. மாப்பிள்ளை சீரை வாங்கிவிட்டார் என்று ஊர் நினைத்தது. கெட்டிமேளம் முழங்கியது. நாலு ஆட்கள் தேக்குமர பீரோவைத் தூக்கிக்கொண்டு அவரை இடித்துத் தள்ளியபடி நடையைத் தாண்டி உள்ளே போனார்கள். மைக்கில் யாரோ, "தாய்மாமன் ராஜமணி அவர்கள் அன்பளிப்பு, தச்சு வேலை ஜிக் ஒன்று, வெளிநாட்டுச் சரக்கு!" என்று அறிவித்தார்கள். சனம் கைதட்டியது.

"தங்கச்சிதான் எடுத்துக் குடுத்தா. மாப்ளைக்கு இதுதான் உசுருன்னு சொன்னா" என்று ராஜமணி வெள்ளந்தியாகச் சிரித்தார்.

பூவனநாதன் தட்டோடு நின்றார். காளீஸ்வரி பக்கத்தில் வந்து, வெற்றிலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள்.

"போன வியாழக்கிழமை நீங்க சிவகாசி போயிருந்தப்ப, ஆபீஸ்ல நீங்க இல்லன்னு பார்சல்காரன் வீட்டுக்குக் கொண்டாந்தான். ஒங்க பேருக்கு நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்."

பூவனநாதன் ஒரு வெற்றிலையை எடுத்து விலாசத்தை மறைத்தார்.

"தையில எங்க அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. வாங்குன சீரைத் திருப்பிச் செய்யணும்லா? இதே போல இன்னொண்ணுக்கு இப்பமே சொல்லி வச்சிருங்க" என்றாள் காளீஸ்வரி. "மஞ்சளை எடுத்துராதீங்க. அது மட்டம்."