போஸ்ட்மோட்டம் அண்ணையும் அந்தரத்தில் நின்ற ஒன்பதும்

பிள்ளைகளே, கனடாவில் குளிருக்குப் பயப்படாதவர்களை நான் கண்டிருக்கிறேன். மனுசிக்குப் பயப்படாதவர் ஒருவரையும் ஒருமுறை கண்டேன். (பிறகு அவரும் பயந்துவிட்டதாகக் கேள்வி.) ஆனால் போஸ்ட்மோட்டம் அண்ணைக்குப் பயப்படாத ஒரு சீவனை ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் காணமுடியாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். எது நடந்து முடிந்தாலும் அதை வெட்டிப் பிளந்து, எந்த இடத்தில் பிழை நடந்தது என்று சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஒருமுறை லிப்டுக்குள் அகப்பட்ட ஒரு மனிதரைத் தீயணைப்புக்காரர் வெளியே இழுத்துவிட்டார்கள். அந்தாள் மூச்சுவிட முதல் அண்ணை முன்னால் போய் நின்றார்: "நீர் பட்டனை ரெண்டுதரம் அமத்தினீர். அதுதான் பிழை." கலியாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கட்டி நிமிர, "தம்பி, கடைசி முடிச்சிலை கை நடுங்கினது" என்றார். மாப்பிள்ளைக்கு அதற்குப் பிறகுதான் முழு உடம்பும் நடுங்கியது.

இதெல்லாம் சும்மா. காட்ஸ் மேசையில்தான் அவருடைய விஸ்வரூபத்தைப் பார்க்கவேண்டும்.

நாங்கள் விளையாடுவது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். நாலு பேர்; எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு பக்கம். இந்த விளையாட்டில் ராசா ராணிக்கு மரியாதை இல்லை. ஜாக்தான் பெரியவர், அடுத்தவர் ஒன்பது, அதற்கடுத்தவர் ஆஸ். ஹார்ட்ஸ், கிளாவர் என்று இருக்கிற நாலு சாதியில் ஒன்றைத் துரும்பு என்று வைத்துவிட்டால், அந்தச் சாதியின் ஏழு கூட மற்றச் சாதியின் ஜாக்கை வெட்டிவிடும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நல்ல காட்ஸை மேசையில் வைக்கமாட்டார்கள். தலைக்கு மேலே ஓங்கி, கதிரையிலிருந்து பாதி எழும்பி, ஒரு நிமிர்வு நிமிர்ந்து, பிறகுதான் அடிப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால்தான் அது நல்ல அடி.

அண்ணைக்கு விழுந்த காட்ஸ் எல்லாம் மனதில் நிற்கும். தோற்றால் பாட்னரை ஏசுவார். வென்றால், இன்னும் வடிவாக வெல்லவில்லை என்று ஏசுவார். ஒரு பாட்னர் மிசிசாகாவுக்கே வீடு மாறிப் போனார். வேலை கிடைத்தது என்று சொன்னார்; நாங்களும் நம்பியதுபோல இருந்தோம். கடைசியில் அகப்பட்டவன் நான்.

ஊரில் போர் முடிந்த அந்த வருசம் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் காட்ஸைத் தொடவில்லை. எல்லாரும் போனும் கையுமாக இருந்தோம். அண்ணையின் ஒரே தம்பி முகாமுக்குள் இருந்தார். ஒருநாள் அவர் வெளியே வந்து, வவுனியாவிலிருந்து போன் எடுத்தார். அண்ணை முதலில் அழுதார். நானும் பக்கத்தில் நின்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுசரி, நீங்கள் ஏன் அந்த ரோட்டாலை வெளிக்கிட்டனியள்? மற்ற ரோட்டாலை எல்லோ போயிருக்கவேணும்!" என்று தொடங்கிவிட்டார்.

மறுமுனையில் தம்பி சிரித்தது எனக்கும் கேட்டது. "அண்ணை, நேரிலை வந்து ஏசுங்கோவன்."

அன்றிலிருந்து, தம்பியை நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர அண்ணைக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் கையிலிருந்த காசெல்லாம் தம்பிக்கே போய்விட்டது. அடுத்த கோடையில் எங்கள் ஊர்ச் சங்கம் முந்நூற்றிநாலுப் போட்டி வைத்தது. வெல்லுகிற சோடிக்கு, ஆளுக்கொரு கொழும்பு விமான ரிக்கெற் பரிசு. அண்ணை என் கதவைத் தட்டினார்.

"ஐசே, வெல்லுறம்."

போட்டியன்று சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பாட்னரோடை ஒரு சொல்லுக் கதைச்சாலும் ஆட்டம் தோல்வி. திருப்பிச் சொல்லுறன், ஒரு சொல்லு!" சொன்னது முழு மண்டபத்துக்கும், பார்த்தது அண்ணையை மட்டும்.

அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். மட்டன் றோல்ஸ் இருந்த தட்டை அப்படியே தூக்கிவந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் பிழைவிடுகிற நேரமெல்லாம் ஒரு முழு றோல்ஸை வாய்க்குள் அடைத்தார். அரையிறுதியில், அவர் பிடிக்கவிருந்த பிடியை நானே துரும்பால் வெட்டிவிட்டேன். அது சொந்த வீட்டுக் கூரையைப் பிரித்துத் திருடப்போவதுபோன்ற வேலை. அண்ணை ஒரேயடியாக இரண்டு றோல்ஸை உள்ளே தள்ளினார். முகம் சிவந்து, கண்ணால் தண்ணி ஓடியது. எதிராளி பயந்துபோய், "அண்ணைக்கு நெஞ்சு ஏதும் நோகுதோ?" என்று கேட்டார். அந்தப் பயத்திலேயே அவர்கள் தோற்றார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு வந்து இருந்தபோது தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

எதிராளிகள், பேக்கரியில் வேலைசெய்கிற சூரியும் அவனுடைய மச்சானும். ஆட்டம் சரிக்குச் சரியாக வந்து, கடைசி முறையாகக் காட்ஸ் பிரித்தாயிற்று. அதிலும் ஆளுக்கு இரண்டு காட்ஸ்தான் மிச்சம். அண்ணை ஹார்ட்ஸ் ஆஸை இறக்கினார். அதற்கு மேலான ஹார்ட்ஸ் எல்லாம் முந்தியே விழுந்துவிட்டது. சூரியின் கையில் துரும்பு ஏழும் கிளாவர் ஒன்பதும். துரும்பால் வெட்டினால் அவன் வெற்றி. ஒன்பதைப் போட்டால் அதன் புள்ளிகளோடு பிடி எங்களுக்கு, ரிக்கெற்றும் எங்களுக்கு.

சூரி, ஹார்ட்ஸ் ஜாக் இன்னும் மச்சானிடம் இருக்கிறது, மச்சான் பிடிப்பான் என்று நினைத்தான். ஒன்பதை உருவினான். கதிரையிலிருந்து எழும்பினான். தலைக்கு மேலே ஓங்கினான். ஒன்பது அந்தரத்தில் நின்றது. முழு மண்டபமும் அதைப் பார்த்தது.

எனக்குக் கொழும்பு தெரிந்தது.

"டேய் தம்பி!"

அண்ணைதான். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பிவிட்டார்.

"ஹார்ட்ஸ் ஜாக் எப்பவோ விழுந்திட்டுதெல்லோ! துரும்பைக் கையிலை வைச்சுக்கொண்டு உந்த ஒன்பதைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ளை போடப்போறியோ? வெட்டடா!"

சூரி மேலே பார்த்தான். கையை இறக்கினான். ஒன்பதைத் திரும்பக் கைக்குள் செருகினான். துரும்பு ஏழை, ஓங்காமல், மெதுவாக வைத்தான்.

"அண்ணை!" என்று நான் கத்தினேன். "நீங்கள் ஆருடைய பக்கம்?"

"பக்கம் என்ன பக்கம் ஐசே? பிழை பிழைதானே!"

தலைவரிடம் நியாயம் கேட்டோம். அவர் நெற்றியைச் சொறிந்தார். "பாட்னரோடைதான் கதைக்கக்கூடாது எண்டனாங்கள். எதிராளிக்குச் சொல்லிக்குடுக்கிறதுக்கு ஒரு சட்டமும் எழுதேல்லை. உப்பிடி ஒரு ஆள் வருவார் எண்டு ஆர் கண்டது?"

தோற்றுப்போனோம். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கதிரையில் இருந்து, "தம்பிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். வாயில் றோல்ஸ் இல்லாமலே அண்ணை பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

சூரி வந்து பக்கத்தில் நின்றான். "அண்ணை, என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. நான் ஊருக்குப் போகேலாது. நீங்கள் சொல்லித்தானே வெண்டனான். என்ரை ரிக்கெற்றை உங்கடை பேரிலை எழுதச் சொல்லிப்போட்டன்."

அண்ணை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கண் கலங்கிக் கிடந்தது.

"வெண்டவன் தோத்தவனுக்குப் பரிசைக் குடுக்கிறதோ? முழுப் பிழை தம்பி, முழுப் பிழை!"

"வாயை மூடிக்கொண்டு வாங்குங்கோ அண்ணை. இல்லாட்டில் இன்னும் எத்தினை றோல்ஸ் வேணும் எண்டு சொல்லுங்கோ."

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் காரோட்டத்தை வெட்டிப் பிளந்தார். உள்ளே போகிற நேரத்திலும் திரும்பி நின்று, நான் காரை நிற்பாட்டிய இடம் பிழை என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன் பிள்ளைகளே. காருக்குள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது துப்பரவாகப் பிடிக்கவில்லை.