அந்தோணியாருக்குக் கிலோமீட்டர் கணக்கா?

திண்டுக்கல்,
புதன்கிழமை.

அன்புத் தம்பி கிறிஸ்துராஜுக்கு,

ஆண்டவர் உன்னையும் டெய்சியையும் பிள்ளைகளையும் காப்பாராக. இங்கே உன் மச்சானுக்குச் சுகர் அளவோடு இருக்கிறது, மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறது, நானும் சுகம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்து எழுதுவதுதான் முறை. எனக்கு அந்த ஆவல் இப்போதைக்கு இல்லை. கோபம் ஆறினதும் தனியாக ஒரு கடிதத்தில் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பேப்பரைப் பிரித்தால் உன் போட்டோ. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, போட்டிருந்த சட்டை நான் எடுத்துக் கொடுத்தது. அப்புறம் கீழே படித்தேன். மின்சாரக் கார் பெருகப் பெருக பெட்ரோல் விற்பது குறையும், பெட்ரோலோடு ஒட்டிக்கொண்டு வருகிற வரியும் குறையும், பிறகு ரோடு போடப் பணம் எங்கிருந்து வரும், ஆகவே வண்டி ஓடுகிற தூரத்துக்கு ஏற்ப கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவதே நியாயம், எடை கூடினால் கட்டணமும் கூட வேண்டும் என்று நீயும் அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிற உன் குழுவும் சொல்லியிருக்கிறீர்கள். 'ஓட்டுகிறவரே கட்ட வேண்டும்' என்பதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். ஏண்டா, அந்த மின்சாரக் காரை எங்கள் தலையில் கட்டினது யார்? "அக்கா, பெட்ரோல் பங்க் பக்கமே போக வேணாம், வரி கிடையாது, ராத்திரி பிளக்கைச் சொருகிட்டு நீ பாட்டுக்கு ஜெபமாலை சொல்லு, விடிஞ்சா வண்டி ரெடி" என்று என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே சொன்ன வாய்தானே இது?

போன வருஷம் உன் மச்சானுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் முழங்கால் போட்டு நான் அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். இந்த மனுஷனை நடக்கவைத்துத் திருப்பித் தந்தால், நடக்க முடியாதவர்களைச் செவ்வாய்க்கிழமைதோறும் உம்முடைய கோவிலுக்கு என் வண்டியில் கொண்டுவந்து இறக்குவேன், ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றேன். அவர் தந்துவிட்டார். உன் மச்சான் இன்றைக்கு நடக்கிறார், கார் ஓட்டுகிறார், வெஞ்சனத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று சண்டையும் பிடிக்கிறார். நானும் ஒரு செவ்வாய்கூடத் தவறவிடாமல் என் வாக்கைக் காப்பாற்றி வந்தேன், நீ சென்னையிலிருந்து திருவிழாவுக்கு வந்து அந்தப் பாழாய்ப்போன டப்பாவைக் காரில் மாட்டுகிறவரைக்கும்.

"வெள்ளோட்டம்தான்க்கா, தூரத்தை எண்ணி மாசக் கடைசியில் போனுக்கு பில் அனுப்பும், கட்ட வேணாம், பாத்துக்கிட்டாப் போதும்" என்றாய். மாட்டின கையோடு, சரியாக எண்ணுகிறதா பார்க்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டும் போனாய். கட்ட வேண்டாத பில் என்று ஒன்று உலகத்தில் உண்டா? பில் என்று வந்துவிட்டால் அந்தப் பணத்தை எடுத்து வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார், உன்னை எப்படி வளர்த்தார் என்று தெரியவில்லை. பில் வந்தது. தொகையைப் பார்த்ததும் நான் "சேசுவே" என்று உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கா இம்புட்டு! எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினதை இன்னும் மூடவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறுகிற தூரத்தையும் கிலோமீட்டரில் சேர்த்தீர்களா, இல்லை அதற்குத் தனிக் கட்டணமா? போடாத ரோட்டுக்கு வாடகை கேட்கிற அதிசயத்தை உன் குழுதான் கண்டுபிடித்திருக்கிறது. வாசலில் மீட்டர் வைத்து வீட்டுப் பிள்ளைகள் சமையல்கட்டுக்கு எத்தனை நடை வந்தார்கள் என்று எண்ணியா நான் உனக்குச் சோறு போட்டேன்?

பரவாயில்லை என்று அந்தத் தொகையை ஒரு கவரில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். பக்கத்து வீட்டுத் தாஹிரா பார்த்துவிட்டாள். முழங்கால் தேய்ந்துபோய், செவ்வாய்தோறும் நம் வண்டியில் வந்து, மகனுக்காக அந்தோணியாரிடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். "என்னக்கா கவரு?" என்றாள். எனக்குப் பொய் வராது. சொன்னேன். அடுத்த செவ்வாய் வண்டியில் ஏறினதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை நீட்டினாள். "நீங்க வாங்கலேன்னா நான் நடந்தே வாரேன்" என்று கதவைத் திறந்து காலை வெளியே வேறு போட்டாள், நடக்க முடியாத காலை! பின்சீட்டில் கண்ணம்மாள் கிழவி அதற்கு மேல். "கெவுருமெண்டே ஒங்கிட்ட வாங்குறப்ப நான் ஓசியில போனா சாமி எனக்கு என்ன தாயி குடுக்கும்?" என்று சில்லறையை என் மடியில் கொட்டினாள். நான் திருப்பிக் கொடுக்க, அவர்கள் திரும்பப் போட, காசெல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டு ஓடியது. பிரேக்குக்குக் கீழே போய்விடும் என்று பயந்து உன் மச்சான் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். அந்தோணியார் படத்தையும் அதில் ஒட்டினார். அறிவு!

ஆட்டோ ஸ்டாண்டில் ஆண்டனிராஜ் இருக்கிறான் தெரியுமா, அவன் கண்ணில் ஹார்லிக்ஸ் டப்பா பட்டுவிட்டது. நடுரோட்டில் ஆட்டோவைக் குறுக்கே போட்டு, "அக்கா, நான் பர்மிட்டு, இன்சூரன்சு, எஃப்.சி. எல்லாம் கட்டி ஒத்த சவாரிக்குக் காத்துக் கெடக்கேன். நீங்க சொந்த வண்டியில ஆளை ஏத்தி உண்டியல் வச்சு ஓட்டுறீக. அந்தோணியார் பேரை எங்கப்பா எனக்குத்தான் வச்சாரு, ஒங்க காருக்கு வைக்கல!" என்று கத்தினான். "ஏலே, இது வேண்டுதலப்பு" என்று உன் மச்சான் சொன்னால், "நான் ஆட்டோ ஓட்டுறதும் கடன்காரன் எங்க வாசலை விட்டு எந்திரிச்சுப் போகணும்ங்கிற வேண்டுதல்தான்" என்கிறான். அவன் சொன்னது நியாயம், அதனால் இன்னும் கோபம் வந்தது.

நேற்று அதே ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி சோதனைக்கு நின்ற ஒரு அதிகாரி கையைக் காட்டினார். நம்பர் பலகையைப் பார்த்தார். பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால்தான் வாடகைக்கு ஓட்டலாமாம். உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா இந்த டப்பா?" என்றார். காணிக்கை என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் பின்சீட்டிலிருந்து கண்ணம்மாள், "டிக்கெட்டுக் காசு சாமி" என்றாள். முடிந்தது. சாவி அவர் கைக்குப் போனது. உன் மச்சான் உனக்குப் போன் போட்டார். நீ என்ன சொன்னாய்? "மச்சான், மின்சார வண்டிக் கட்டணம் பத்தித்தான் மீட்டிங், அப்புறம் பேசுறேன், அந்த அதிகாரி விதிப்படிதான் செஞ்சிருக்காரு." வெயிலில் நின்ற தாஹிராவையும் கண்ணம்மாளையும் கடைசியில் யார் கோவிலில் கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஆண்டனிராஜ். "ஏறுங்க ஆத்தா" என்று கையைப் பிடித்து ஏற்றினான். நான் கண் கலங்கி நிற்கும்போதே காரிலிருந்த ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து மொத்தத்தையும் சட்டைப் பையில் கவிழ்த்துக்கொண்டான். போகவர ஆட்டோக் கூலிக்குச் சரியாக இருந்ததாம். அந்தோணியார் கணக்கில் பிழை வராது.

காசு வாங்கி ஆள் ஏற்ற மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் சாவியைக் கொடுத்தார்கள். இப்போது என் நிலைமையைப் பார். காசு வாங்கினால் வண்டி போகும், வேண்டுதலும் போகும். வாங்கவில்லை என்றால் தாஹிராவும் கண்ணம்மாளும் ஏற மாட்டார்கள், அப்போதும் வேண்டுதல் போகும். ஆபரேஷன் செய்த நெஞ்சோடு உன் மச்சான் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வருகிறது. அந்தோணியாரிடம் நான் போய், கிலோமீட்டருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லவா? அவர் ஆபரேஷன் தியேட்டர் கதவு வழியாக இந்த மனுஷனைத் திருப்பி அனுப்பியபோது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாரா?

அதனால் அடுத்த செவ்வாய்க்குள் நீ வந்து தூரம் எண்ணுகிற டப்பாவைக் கழற்று. இல்லையென்றால் வேண்டுதலுக்கு ஓடுகிற தூரம் கணக்கில் சேராது என்று உன் குழுவில் எழுதி வை. இரண்டும் முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிட்டு வா, ஆண்டனிராஜிடம் சொல்லி ஒரு ஆட்டோ பார்க்கிறேன்.

டெய்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தம் கொடு. உனக்கு ஆசீர்வாதம் உண்டு, முத்தம் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா,
அல்போன்சா.

பின்குறிப்பு: கவரை ஒட்டினவள் திரும்பப் பிரித்தேன். இவ்வளவு எழுதிவிட்டு பில்லை முழுசாகப் பார்க்கவில்லையே என்று மனசு உறுத்தியது. போனில் விவரம் என்று இருந்த இடத்தைத் தொட்டால் நாள்வாரியாக வருகிறது. செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு சுண்டைக்காய் அளவுதான். நாங்கள் பெட்ரோல் காரில் போனபோது கண்ணுக்குத் தெரியாமல் கட்டின வரி இதைவிடக் கூடுதலாக இருக்கும். பில்லில் முக்கால்வாசி, திருவிழா வாரத்தில் டப்பா சரியாக எண்ணுகிறதா பார்க்கிறேன் என்று உன் மாமனார் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு நீ இரண்டு தடவை கொடைக்கானல் போய்வந்தது. எடைக்குக் கூடுதல் என்று நீ சொன்னதும் சரிதான், முன்சீட்டில் உன் மாமனார் இருந்தார்.

ஆகவே மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. உன் கொள்கை நல்ல கொள்கை. டப்பா இருக்கட்டும், ஓட்டுகிறவரே கட்டட்டும். உன் பங்கை உடனே அனுப்பு, அது பல மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளுக்குத் தாங்கும். கண்ணம்மாளிடம் இப்போதுதான் போய், "சென்னையில ஒரு பெரிய அதிகாரி நம்ம கோவில் பயணத்துக்குப் பணம் கட்டிட்டாரு, இனிமே நீங்க போட வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "கெவுருமெண்டே கட்டிருச்சா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாஹிராவும் சரி என்றுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்ல வேண்டும். அதற்குள் பணம் வந்துவிட்டால் நான் சொன்னது பொய் இல்லை.